பூந்தி மீது ஒரு புகார்

மே 2, வியாழன்

கீழ்வீட்டுப் பேச்சியம்மை போட்ட கூழ் வத்தல் மொத்தமும் குப்பைக்குப் போனது. மொட்டை மாடியில் அக்னி மூலையில், வத்தல் காய்ந்த சேலைக்கு ஒரு முழம் தள்ளி, நாய் அசிங்கம் செய்து வைத்திருக்கிறது. வத்தல் மேல் படவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்த ஈ இங்கேயும் உட்காரும் அல்லவா? பேச்சியம்மை சேலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போய்க் கொட்டிவிட்டாள். விடியுமுன் எழுந்து கிண்டிய கூழ். அவள் கண் கலங்கியதில் தப்பில்லை.

ஆறு வீட்டுக்கும் பொதுவான மாடி அது. வத்தல் போட வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்ததே நான்தான். வியாழன் பேச்சியம்மை, வெள்ளி நாங்கள். முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸில் குப்பை கொட்டியவளைச் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினால் எல்லாம் எழுத்தில்தான் நடக்கும்.

இந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு நாய்தான். எதிர்வீட்டு ஜெயசீலியின் பூந்தி. ஜெயசீலிக்கு நாற்பது வயது இருக்கும், தனிக்கட்டை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு பகல் முழுக்க ரவிக்கை தைப்பாள். அந்த மஞ்சள் நாய் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில், மாடிக்கு ஏறும் முதல் படியில் தலையை வைத்துப் படுத்திருக்கும்.

போய்க் கேட்டேன். "ஒன் நாய் பண்ணுன வேலைய மாடியில வந்து பாரு."

"பூந்தி காலையும் சாயங்காலமும் வெளிய போயிட்டு வந்துருமேக்கா."

"அப்ப நானா போய் வச்சேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் பார்த்தாள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரிக்கா, நான் கழுவி விட்டுருதேன்" என்று வாளியை எடுத்தாள். தப்பு அவள் பக்கம் இல்லையென்றால் ஏன் கழுவ வேண்டும்?

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. நோட்டீஸ் எழுதி மாடிக் கதவில் ஒட்டினேன். 'குடியிருப்போர் கவனத்திற்கு. பொது மொட்டை மாடியில் வளர்ப்பு நாயை மலம் கழிக்க விடுவோர் மீது சங்கம் நடவடிக்கை எடுக்கும். செண்பகம், செயலாளர்.'

இவர் பின்னாலேயே வந்து நின்று இரண்டு தடவை படித்தார். "எந்தக் கிராமம்னு போடலியே. சர்வே நம்பரும் இல்ல. இது செல்லாது" என்றார்.

சிரித்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் காடு மேடெல்லாம் நிலம் அளந்த மனிதர். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இன்னமும் சர்வேயர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலை நினைப்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா? எனக்கும்தான் சில நாள் முத்திரை குத்துகிற சத்தம் காதில் கேட்கிறது.

மே 5, ஞாயிறு

மாடி சுத்தம். எழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

மே 7, செவ்வாய்

இன்று கன்னி மூலையில். மூலையில் ஒட்டினாற்போல. தண்ணீர் சாய்வாக ஓடிக் காய்ந்த தடமும் இருந்தது.

ஜெயசீலி ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒங்க சொம்பு மேல கெடந்துச்சுக்கா." எங்கள் குளியலறைச் சொம்புதான். அடியில் இவர் பெயர் வெட்டியிருக்கும். நாய்க்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போயிருப்பாள். எங்கள் குளியலறைக்கு அவள் எப்போது வந்தாள் என்று கேட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்ததால் உள்ளே வந்துவிட்டேன்.

அவளும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "அண்ணாச்சி மத்தியானம் தூங்குதாவளாக்கா?"

"நல்லாத் தூங்குதாவ" என்றேன். என் வீட்டில் யார் எப்போது தூங்கினால் இவளுக்கு என்ன?

மே 9, வியாழன்

மதியம் தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம். அவசரமில்லாத நடை. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு எட்டு, ஒரு நிறுத்தம், திரும்பவும் இருபத்திரண்டு எட்டு. கூடவே நகம் தரையில் உரசுகிற சத்தம். உச்சி வெயிலில் அந்தத் தளத்தில் கால் வைக்க முடியாது. யாராக இருந்தாலும் பாதம் வெந்து போயிருக்கும். எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தேன், கண் அசந்துவிட்டது. எழுந்தபோது இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசல் தாழ்ப்பாள் திறந்திருந்தது. நான்தான் போட மறந்திருப்பேன்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது இவர் உள்ளங்கால் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பவுடர் கொட்டியிருப்பார். வெயிலுக்காக மாடித் தளத்தில் வெள்ளை அடித்திருக்கிறது. அதுவும் காலில் ஒட்டும்தான். இது பவுடர். பாதத்தில் கொப்புளத்துக்கு மருந்து போட்டேன்.

போன மாதம் ஒரு நாள் வாசல் கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று கதவை உதைத்த உதையில் கீழ்வீட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து பூட்டுவதில்லை.

மே 10, வெள்ளி

எங்கள் முறை. வத்தல் போடவில்லை. மனசில்லை.

புனேயிலிருந்து கோதை பேசினாள். அப்பாவிடம் போனைக் கொடு என்றாள். தூங்குகிறார் என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேனாம்.

"டாக்டர் எழுதுன ஸ்கேன் எடுத்தியாம்மா?"

"வெயில் கொறையட்டும்."

"ஒன்னால தனியா பாக்க முடியலைன்னா சொல்லிருமா. இங்க நல்ல ஹோம் இருக்கு. அப்பாவ நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

நல்ல ஹோமாம். வாரத்துக்கு ஒரு நாள் பார்க்க விடுவார்களாம். நாற்பத்தொரு வருஷம் என் கையால் சாப்பிட்ட மனிதரை அங்கே வரிசையில் உட்கார வைத்து யாரோ ஊட்டுவார்கள். இவருக்கு ஒன்றுமில்லை. வயசான மறதி. கண்ட பேச்சும் அவள் காதுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

மே 12, ஞாயிறு

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. ஜெயசீலியின் மிஷின் நின்றது. காற்றாடி நின்றது. தெருவில் ஒரு சத்தமில்லை. உச்சிப் பொழுதில் ஊர் இப்படி அடங்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அப்போது மாடியில் பூந்தி குரைத்தது. வழக்கமான குரைப்பு இல்லை. தொண்டை கிழிகிற மாதிரி.

கட்டிலில் இவர் இல்லை.

மேலே போனேன். வெள்ளைத் தளத்தில் வெயில் பட்டுக் கண் கூசியது. வாயு மூலையில், இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கிறார். கையை நீட்டி எதிரே வெறும் ஆகாயத்தைக் காட்டுகிறார். "மாடசாமி, சங்கிலி தொய்யுது பாரு. இழுத்துப் புடிலே. இன்னும் ஒரு கல்லு இருக்கு."

பூந்தி இவர் வேஷ்டியைப் பல்லால் கவ்வி, நாலு காலையும் ஊன்றி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

துடைப்பத்தால் அதை அடித்தேன். இரண்டு அடி. விடவில்லை. மூன்றாவது அடிக்குத்தான் விட்டது. இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். வேஷ்டியில் நாலு ஓட்டை.

காற்று வாங்க மாடிக்குப் போன மனிதரை நாய் கடிக்க வந்திருக்கிறது. உடனே உட்கார்ந்து சங்கத் தலைவருக்குப் புகார் எழுதினேன். வேஷ்டியையும் ஆதாரமாக இணைத்தேன். அதே மூலையில் அசிங்கமும் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மாடசாமி இவரிடம் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்த ஆள். கயத்தாறு சர்வே முகாமில் பாம்பு கடித்துச் செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

மே 14, செவ்வாய்

தலைவர் ஆறுமுகநயினார் வீட்டில் கூட்டம். பேச்சியம்மையின் வீட்டுக்காரர்தான் அவர், நியாயமாகத்தான் பேசினார். ஆறு வீட்டுக்காரர்களும் வேஷ்டியைக் கையில் வாங்கி ஓட்டையைப் பார்த்தார்கள்.

"போஸ்ட் மாஸ்டரம்மா எழுத்துல குடுத்துட்டாவ. கடிக்கிற நாய வச்சிக்கிட முடியாதும்மா. நீ என்ன சொல்லுத?" என்று தலைவர் ஜெயசீலியைக் கேட்டார்.

ஜெயசீலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம். நான் வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பூந்தி கடிச்சதை நீங்க பாத்தியளாக்கா?"

"பாத்தேன்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று எழுந்துவிட்டாள். நாசரேத்தில் அவள் தங்கச்சி வீடு இருக்கிறதாம். அங்கே கொண்டுபோய் விடுவதாக முடிவு.

வாசலில் என்னை நிறுத்தி, மெதுவான குரலில் சொன்னாள். "மாடிக் கதவுக்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லுங்கக்கா. தயவுபண்ணி."

"ஆறு வீட்டுக்கும் வத்தல் காய வேண்டாமா?" என்றேன். பூட்டுப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மே 16, வியாழன்

காலையில் பூந்தி போனது. ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று படியில் படுத்துவிட்டது. தூக்கித்தான் ஏற்றினாள். இவர் பால்கனியில் நின்று பார்த்தார்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது, "மாடசாமி லீவு சொன்னானா?" என்று கேட்டார். இன்னும் வேலை முடியவில்லையாம்.

மே 17, வெள்ளி

சுத்தம். அமைதி. வெண்டைக்காய் வத்தல் போட்டேன், நன்றாகக் காய்ந்தது. நடுப்பகலில் மிஷின் ஓடவில்லை. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

மே 18, சனி

ஒரு மணி வாக்கில் தலைக்கு மேலே நடை. இருபத்திரண்டு எட்டு. பிறகு நிறுத்தம். நாய்தான் இல்லையே, இனி ஒரு ஆள் நடை மட்டும்தானே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த நேரத்தில் அந்த உரசல் சத்தம் படியில் ஏறுவது கேட்டது. எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. கதவு திறந்துதான் கிடந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் எதுவும் இல்லை.

பிறகு மேலே இரண்டு நடையும் சேர்ந்து போயின.

தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தால் இப்படியெல்லாம் சத்தம் வரும்.

இவர் இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "மாடசாமி வந்துட்டான்" என்றார். மேலே போய், யாரும் பார்க்குமுன் ஈசானி மூலையைக் கழுவிவிட்டு வந்தேன். பூனையாக இருக்கும்.

மே 20, திங்கள்

நேற்றும் கழுவியாகிவிட்டது. இன்று முந்த முடியவில்லை. வாளியோடு நான் மாடிக்குப் போனபோது பேச்சியம்மையும் ஆறுமுகநயினாரும் அக்னி மூலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"நாயத்தான் அனுப்பியாச்சே. அப்ப இது யாரு வேல?" என்றார் அவர். அசிங்கத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடத் தொடங்கியது. கோதை வந்து இறங்குவதும், இவருக்குச் சட்டை மாட்டுவதும், டாக்ஸியின் கதவு சாத்துவதும் கண்ணில் தெரிந்தன.

பின்னாலிருந்து ஜெயசீலியின் குரல் கேட்டது. "நேத்து பூந்தியக் கூட்டியாந்தேன் அண்ணாச்சி. பாக்கணும்போல இருந்துச்சு. ராத்திரியே கொண்டு விட்டுட்டேன். தெரியாமப் போயிட்டு, மன்னிச்சுக்கிடுங்க."

"வாக்குச் சுத்தம் வேணும்மா" என்று ஆரம்பித்து, அவர் கால் மணி நேரம் திட்டினார். ஒரு கூட்டத்தில் ஒத்துக்கொண்டதை ஐந்து நாளில் மீறினால் சங்கம் எதற்கு என்றார். பேச்சியம்மையும் தன் பங்குக்குச் சொன்னாள். ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஆறுமுகநயினார் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன போஸ்ட் மாஸ்டரம்மா?" என்றபோது நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன்.

மே 21, செவ்வாய்

கண் அசந்தேன். கண் அசந்தேன் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இவர் எழுந்து போவது தெரிந்துதான் படுத்திருந்தேன். கூடப் போனால், எதற்குப் போகிறார் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் படுத்திருந்தேன்.

மிஷின் சத்தமில்லை. ஜெயசீலி வீடு பூட்டியிருந்தது. மேலே நடைச் சத்தம் பாதியில் நின்றது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. அதற்கு மேல் வரவில்லை.

ஓடினேன். வாயு மூலைக் கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் வெளியே தொங்குகிறது. பக்கத்தில் சொம்பு. கீழே மூன்று அடுக்கு, சிமெண்டுத் தரை. மற்றக் காலையும் தூக்கி அந்தப் பக்கம் போடப் பார்க்கிறார், முடியவில்லை. வேஷ்டியின் முனை பின்பக்கமாக விறைத்து நிற்கிறது. காற்றில்லை. சுவரில் ஆணி கிடையாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், அந்த முனை கசங்கிக் குவிந்து இழுபட்டு நின்றது. என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கத்தினால் விழுந்துவிடுவார் என்று தோன்றியது. என்னங்க என்று கூப்பிட்டால் நான் யாரென்று தெரியுமோ தெரியாதோ. என் வாயிலிருந்து தானாக வந்தது. "சார், சங்கிலி அறுந்துபோச்சு சார். இன்னிக்கு அளக்க முடியாது. எறங்கி வந்துருங்க."

திரும்பிப் பார்த்தார். "எத்தன கண்ணி போச்சு?"

"மூணு கண்ணி சார்."

"சரி, நாளைக்குப் பாப்போம்" என்று காலை உள்ளே எடுத்துப் போட்டார். பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வெந்த தரையில் உட்கார்ந்துவிட்டோம். நான் அழுதேன். "எதுக்குலே அழுத, புதுச் சங்கிலி எழுதி வாங்குவோம்" என்று என் முதுகைத் தட்டினார்.

வேஷ்டி முனை நனைந்திருந்தது. நாலு ஓட்டை. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்ட புது வேஷ்டி.

மே 22, புதன்

காலையில் கோதைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். ஹோம் என்ற பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமை வருகிறாள். என்ன முடிவு செய்வாளோ, பயமாகத்தான் இருக்கிறது.

பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினேன். 'குடியிருப்போர் கவனத்திற்கு. மே 2 முதல் பொது மாடியை அசுத்தம் செய்தது நாய் அல்ல. என் கணவர். முகாம் நாட்களில் சொம்போடு எல்லைக் கல் ஓரமாக வெளிக்குப் போன பழக்கத்தில், தான் இன்னும் காட்டில் இருப்பதாக எண்ணிச் செய்தது. நாய் அவரைக் கடிக்கவில்லை, விழாமல் இழுத்துப் பிடித்தது. இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். செண்பகம், செயலாளர்.'

பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். இந்த மூன்று வாரத்தில் அவள் வீட்டுக்குள் போவது இதுதான் முதல் தடவை.

"பூந்திய நாளைக்கே கூட்டிட்டு வந்துரு. யார் கேட்டாலும் நான் பேசிக்கிடுதேன்."

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "பூந்தி இல்லக்கா. கயித்த அறுத்துக்கிட்டு இந்தப் பக்கமா ஓடியாந்திருக்கு. மெயின் ரோட்டுல லாரி அடிச்சிட்டு. சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும்னு அன்னைக்கு ராத்திரியே தங்கச்சி சொன்னா. நேத்துப் போயி, பொதைச்ச எடத்தப் பாத்துட்டு வந்தேன்."

சனிக்கிழமை பதினெட்டாம் தேதி.

"திங்கக்கெழம மாடியில வச்சு... நேத்து கூட்டியாந்தேன்னு சொன்னியே."

"தலைவர் அண்ணாச்சி ஒங்க கையில இருந்த வாளியப் பாத்துட்டாருக்கா. ஒங்க மொகம் எப்படியோ ஆயிட்டு. வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தோணல."

செத்துப்போன நாயின் பேரில் திட்டு வாங்கிக்கொண்டு அவள் நின்றபோது, நான் தலையாட்டியிருக்கிறேன். இதைவிடக் கேவலம் எனக்கு இனி வர முடியாது.

வீட்டுக்குப் போய் அந்தப் புது வேஷ்டியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். நேற்று மாடியில் பார்த்ததைச் சொன்னேன். நம்புவாளோ மாட்டாளோ என்று யோசிக்கவில்லை. அவள் முனையைத் தேடி எடுத்து, ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகில் கொண்டுபோனாள். வேஷ்டியைத் திருப்பித் தரவில்லை.

என்னோடு வெளியே வந்தவள் மாடிக் கதவில் புது நோட்டீஸைப் பார்த்துப் படியேறினாள். நின்று முழுக்கப் படித்தாள். "என்னக்கா இப்படி எழுதிட்டிய! சர்வேயர் அண்ணாச்சிக்கு எவ்வளவு கேவலம்" என்று அதைக் கிழிக்கக் கையை நீட்டினாள்.

பின்னாலேயே ஏறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஆறுமுகநயினார் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏறி வந்து படித்து முடிக்கிற வரைக்கும் நான் கையை விடவில்லை.